அடைக்கலம் அளிப்பது யார் கடன்?

முன்னுரை

ஊரிழந்து வருவோரை எந்த நாடு ஏற்க வேண்டும் என்பது இன்று உலக மன்றங்களில் ஓயாது எழும் வினாவாகும். செல்வம் மிக்க நாடுகளே ஏற்க வேண்டும் என்பர் சிலர். சமயத்தால் ஒன்றுபட்ட நாடுகளே ஏற்கட்டும் என்பர் சிலர். மொழியாலும் இனத்தாலும் உறவுடைய நாட்டுக்கே அக்கடமை உரியது என்பர் வேறு சிலர். அண்மையில் புதுவை நகரின் சாரம் பகுதியில் மாணவர் சிலருடன் நாம் உரையாடிக் கொண்டிருந்தபோதும் இவ்வினாவே எழுந்தது. "நம் வீட்டிலேயே இடம் போதாதபோது அயலாரை எங்ஙனம் ஏற்பது ஐயா?" என்று ஒரு மாணவர் வினவினார். அவர் கேட்டதில் பிழையில்லை. ஏற்பவருக்கும் அச்சமுண்டு, இல்லாமையுண்டு. எனினும் அவ்வினாவுக்கு நம் இலக்கியமும், நம் மார்க்க வரலாறும், நாம் வாழும் இந்நகரின் வரலாறும் கூறும் விடையைத் தேடிப் பார்ப்பது நம் கடமையாகும். அடைக்கலத்துக்கு அளவுகோல் வருவோரின் இடரேயன்றி அவர்தம் அடையாளமன்று. கதவைத் திறந்துவிடுவதோடு அக்கடமை நிறைவு பெறுவதுமில்லை. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

சங்க காலத்தில் ஒரு வினா

இவ்வினா நமக்குப் புதியதன்று. பறம்பு மலைக்குரிய வேள் பாரி மூவேந்தரால் வீழ்ந்தபின், அவன் மகளிர் இருவரும் நாடிழந்து நின்றனர். அவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர் புலவர் கபிலர். விச்சிக்கோனிடம் சென்றார், இருங்கோவேளிடம் சென்றார். இம்மகளிரை மணந்து ஏற்றுக்கொள்க என வேண்டினார். புறநானூற்றின் 200, 201, 202ஆம் பாடல்கள் இவ்வரலாற்றைத் தெரிவிக்கின்றன. இருவரும் ஏற்கவில்லை. மூவேந்தர் பகைக்கு அஞ்சியே மறுத்தனர் என்று கருத இடமுண்டு. இறுதியில் அம்மகளிரை அந்தணரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்பதை 236ஆம் பாடலின் குறிப்பால் அறிகிறோம். வலியோரின் பகை வருமே என்னும் அச்சம் எளியோர்க்குக் கதவடைப்பது அன்றே தொடங்கிய வழக்கம் என்பது இதனால் விளங்கும்.

சிலப்பதிகாரமோ இதற்கு மறுதலையான ஒரு காட்சியைத் தருகிறது. அதில் 'அடைக்கலக் காதை' என்றே ஒரு காதை உண்டு. மதுரைப் புறஞ்சேரியில் கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகள் ஒப்படைப்பது அரசனிடமன்று, வணிகப் பெருமக்களிடமுமன்று. மோர் விற்று வாழும் இடைக்குல மூதாட்டியாகிய மாதரியிடமே ஒப்படைக்கிறார். பின்னர்க் கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு, அடைக்கலப் பொருளை இழந்தேனே என வருந்தி மாதரி தீயில் பாய்ந்தாள் என்று அக்காப்பியம் கூறும். ஏற்றுக்கொண்ட பின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதை இதனினும் உறைப்பாகக் கூற இயலாது. ஆற்றல் பெற்ற வேளிர் மறுத்ததையும், எளிய பெண்ணொருத்தி ஏற்றதையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அபிசீனியாவும் மதீனாவும்

இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கமே அடைக்கலம் தேடிய வரலாறாகும். மக்காவில் கொடுமைகள் பெருகியபோது, கி.பி. 615ஆம் ஆண்டளவில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் சிலரை அபிசீனியாவுக்குச் செல்லுமாறு பணித்தார்கள். அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷி கிறித்தவர். வந்தவர்களோ வேற்று நாட்டினர், வேற்று மொழியினர், வேற்று நெறியினர். அவர்களைத் திருப்பி அனுப்புமாறு வேண்டி மக்காக் குறைஷியர் பரிசுப் பொருள்களுடன் தூதர் இருவரை அனுப்பினர். மன்னர் உடனே இசையவுமில்லை, உடனே மறுக்கவுமில்லை. வந்தோரை அவைக்கு அழைத்து அவர்கள் தரப்பையும் கேட்டார். ஜஃபர் (ரலி) அவர்கள் எழுந்து தம் மக்களின் நிலையை எடுத்துரைத்தார்கள். கேட்டபின் மன்னர் பரிசுகளைத் திருப்பியளித்து, வந்தோருக்குப் பாதுகாப்புத் தந்தார். முதலில் கேட்டல், பின்னர்த் தீர்ப்பளித்தல் என்னும் இம்முறை இன்றைய புகலிடச் சட்டங்கள் எய்த விரும்பும் நெறியாகும். முஸ்லிம்கள் பெற்ற முதல் அடைக்கலம் பிற சமயத்தவர் தந்த அடைக்கலமே என்பதையும் நாம் மறத்தலாகாது.

கி.பி. 622இல் நிகழ்ந்த மதீனாப் பயணம் மற்றொரு பாடத்தைத் தருகிறது. ஊர் துறந்து வந்த முஹாஜிர்களுக்கும் ஊரில் இருந்த அன்சாரிகளுக்கும் இடையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உடன்பிறப்புறவை ஏற்படுத்தினார்கள். அவ்வாறு இணைக்கப்பட்டோருள் சஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் உடைமையில் பாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவராகிய அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ அதனை ஏற்கவில்லை; சந்தைக்கு வழிகாட்டினால் போதும் என்று கேட்டுக்கொண்டார்கள். சிறு வணிகத்தில் தொடங்கிப் பெரும் செல்வரானார்கள். கொடுப்பவர் பாதியைத் தரத் துணிவதும், பெறுபவர் உழைக்க இடம் கேட்பதும் ஆகிய இவ்விரண்டும் கூடிய இடத்திலேயே அடைக்கலம் முழுமை பெறுகிறது.

இங்குச் சொல்லாராய்ச்சி ஒன்றையும் கருதலாம். 'அகதி' என்னும் சொல் கதியற்றவர் எனப் பொருள்படும். 'ஏதிலி' என்பது அயலார் என்னும் பொருளுடைய 'ஏதிலார்' என்பதோடு உறவுடையது. இவ்விரு சொற்களும் ஒருவரிடம் இல்லாததைச் சுட்டுகின்றன. 'முஹாஜிர்' என்னும் அரபுச்சொல்லோ ஊர் துறந்து புறப்பட்டவர் என அவர் செய்த செயலைச் சுட்டுகிறது. 'அன்சாரி' என்பது உதவியவரைக் குறிக்கும். ஒருவரை எப்பெயரால் அழைக்கிறோம் என்பதிலும் மதிப்பு அடங்கியுள்ளது. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை நீக்கி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என வழங்கச் செய்தது இவ்வகையில் வரவேற்கத்தக்கதே.

புதுவை தந்த புகலிடம்

நாம் வாழும் புதுவையே ஒரு காலத்தில் புகலிடமாக விளங்கியது. ஆங்கில ஆட்சியின் கைது நடவடிக்கைக்குத் தப்பி மகாகவி பாரதியார் 1908இல் இங்கு வந்தார். 1918 நவம்பர் வரை இங்கேயே வாழ்ந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4ஆம் நாள் வந்தார். வ.வே.சு. ஐயரும் அதே ஆண்டில் வந்து சேர்ந்தார். இவர்கள் அனைவரும் அன்றைய சட்டப்படி அயல்நாட்டினரே. கடலூரும் விழுப்புரமும் ஆங்கிலேயர் நாடு. புதுவை பிரெஞ்சு நாடு.

பிரெஞ்சு ஆட்சியினர் இவர்களை எளிதில் இருக்கவிட்டுவிடவில்லை. அயல்நாட்டினர் இங்குத் தங்க வேண்டுமாயின், ஊரில் மதிப்புடைய ஐவர் கையொப்பமிட்ட நற்சான்று தர வேண்டும் என்னும் விதி வந்தது. ஆங்கில ஆட்சியின் ஒற்றர்கள் தெருத்தெருவாகத் திரிந்த காலம் அது. அத்தகைய நாளில் கையொப்பமிடுவது தமக்கும் இடரை வரவழைப்பதாகும். எனினும் கலவை சங்கர செட்டியார் முன்னின்று முயன்றதால் அரவிந்தர் முதலானோருக்கு அச்சான்றுகள் கிடைத்தன. நாட்டின் சட்டம் கதவைத் திறந்தது. ஊராரின் கையொப்பமே இருக்கையைத் தந்தது. இச்செய்தியை நாம் மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

உலக வழக்கு

1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பேரறிக்கை, கொடுமைக்குத் தப்பி வேற்று நாட்டில் அடைக்கலம் தேடும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று தன் 14ஆம் பிரிவில் கூறுகிறது. ஆயின் அதனை அளித்தே தீரவேண்டும் என்று எந்த நாட்டையும் அது கட்டுப்படுத்தவில்லை. கேட்கும் உரிமை இருக்கிறது. கொடுக்கும் கடமை எழுதப்படவில்லை. இந்த இடைவெளியிலேயே இன்றைய விவாதங்கள் யாவும் எழுகின்றன. 1938 ஜூலையில் பிரான்சு நாட்டின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, நாஜிக் கொடுமைக்கு ஆளான யூதர்களைப் பற்றிப் பேசின. இரங்கிப் பேசாத நாடில்லை. டொமினிக்கன் குடியரசு நீங்கலாகப் பெருமளவில் ஏற்க முன்வந்த நாடுமில்லை.

1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம், உயிருக்கு ஊறு நேரும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பலாகாது என்று விதித்தது. இந்தியா அவ்வொப்பந்தத்தில் கையொப்பமிடவில்லை. எனினும் 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ஏறத்தாழ ஒரு கோடி மக்களுக்கு நம் நாடு இடமளித்தது. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட நாடுகள் பலவும் செய்யாத செயல் இது.

செல்வ நாடுகளே அகதிச் சுமையைத் தாங்குகின்றன என்று எண்ணுவோருண்டு. உண்மை வேறு. 2024ஆம் ஆண்டின் இறுதியில் போராலும் கொடுமையாலும் இடம்பெயர்ந்தோர் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்டோர் என ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் கணித்தது. அவருள் பெரும்பகுதியினர் தம் நாட்டுக்குள்ளேயே அலைவுறுவோர். எல்லை கடந்து சென்றோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அண்டை நாடுகளிலேயே தங்கியுள்ளனர். நான்கில் மூன்று பங்கினர்க்கு இடமளித்திருப்பவை நடுத்தர வருவாயும் தாழ்ந்த வருவாயும் உடைய நாடுகளே. சிரியப் போரின்போது துருக்கி 35 இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஏற்றது. 2017 ஆகஸ்டுக்குப் பின் வங்காளதேசம் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்யா மக்களை ஏற்றது. ஓடுபவர் உலகப்படம் பார்த்து ஓடுவதில்லை. அடுத்த கரையை நோக்கியே ஓடுகின்றனர். எனவே முதற்கடமை அண்டை வீட்டாருக்கு வந்துசேர்கிறது. அண்டை வீட்டாரின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் கடமை தொலைவிலுள்ள செல்வருக்கு உரியது. இரண்டாவது கடமை நிறைவேறாமையால் முதற்கடமை பொய்யாகிவிடாது.

எண்ணிக்கையால் பங்கிடப்பட்ட மக்கள்

நமக்கு அடுத்த கரை இலங்கை. அங்குள்ள மலையகத் தமிழர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். தேயிலைத் தோட்டங்களைத் தம் உழைப்பால் வளர்த்தோர்க்கு எந்த நாடு பொறுப்பு என்னும் வினா அன்று எழுந்தது. 1964 அக்டோபர் 30இல் இலால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்ட மக்களை எவரும் விருப்பம் கேட்டு அந்த எண்களை வகுக்கவில்லை. அபிசீனிய மன்னர் அவையில் நிகழ்ந்த 'கேட்டல்' இங்கு நிகழவில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தனர். 1983 முதல் 2012 வரை 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அலை அலையாக வந்தனர். 1995 மார்ச்சுக்குள் ஏறத்தாழ 1 இலட்சம் பேர் அரசு ஏற்பாட்டில் திரும்பினர். எஞ்சியோர் மண்டபம், திருச்சி கொட்டப்பட்டு, கும்மிடிப்பூண்டி முதலிய நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களிலும் வெளியிலும் வாழ்ந்து வருகின்றனர். உணவுப் பொருள், உதவித்தொகை, பள்ளிக்கல்வி ஆகியவற்றை அரசு அளித்துவந்தது. 2021இல் 7,469 வீடுகள் கட்டித்தரும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. 1984இல் சா. செ. சந்திரகாசன் தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், கல்வியிலும் பிறப்புப் பதிவிலும் அம்மக்களுக்குத் துணைநின்றது. இவையெல்லாம் தமிழகத்துக்குப் பெருமை தருவன.

ஆயின் நாற்பதாண்டுகள் கடந்தும் தீராத குறையொன்று உள்ளது. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1987 ஜூலை 1ஆம் நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். அந்நாள் முதல் பிறந்தோர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டுத் திருத்தம், ஆவணமின்றி வந்தோரைச் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியோர் என வரையறுத்து, விண்ணப்பிக்கும் வழியையும் அடைத்தது. ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில், 1986இல் பிறந்த அண்ணன் இந்தியன். 1988இல் பிறந்த தம்பி அயலான். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே தமிழ்ப் பாடநூலைப் படித்தவர்கள். இளையவர் பட்டம் பெற்றாலும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கேட்ட சந்தை வழி இவருக்கு இன்னும் காட்டப்படவில்லை.

குடியுரிமைத் திருத்தமும் எழுந்த விவாதமும்

2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவ்விவாதத்தை நாடு முழுவதும் கொண்டுசென்றது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்துக்கள், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சிகள், கிறித்தவர் ஆகியோருக்கு அச்சட்டம் வழிவகுத்தது. விதிகள் 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டன. அம்மூன்று நாடுகளில் சிறுபான்மைச் சமயத்தினர் துன்புறுவது உண்மை. அவர்க்கு இந்தியாவன்றி வேறு போக்கிடம் அரிது. எனவே இஃது உரிமையைத் தருவதேயன்றி எவரிடமிருந்தும் பறிப்பதன்று என்பது சட்டத்தை ஆதரிப்போர் வாதம். இவ்வாதத்தின் முற்பகுதியை நாமும் ஒப்புகிறோம். துன்புற்று வந்தோர் எவராயினும் அவர்க்கு இடமளித்தல் நற்செயலே.

ஆயின் அதே துன்பத்தோடு வந்த இலங்கைத் தமிழர் ஏன் விடுபட்டனர்? பாகிஸ்தானில் துன்புறும் அகமதியரும், ஆப்கானிஸ்தானில் துன்புறும் ஹசாராக்களும் ஏன் விடுபட்டனர்? மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்யாக்கள் ஏன் விடுபட்டனர்? இடரை அளவுகோலாகக் கொண்டிருந்தால் இவ்வினாக்கள் எழா. புதுவைச் சட்டமன்றம் 2020 பிப்ரவரி 12இலும், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021 செப்டம்பரிலும் இச்சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றின.

2025 மே மாதத்தில், இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, உலகெங்குமுள்ள அகதிகளை ஏற்க இந்தியா தருமசாலையன்று என்னும் கருத்தை வெளியிட்டது. மக்கள் தொகை மிக்க நாட்டின் கவலை அதில் ஒலிக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் நடுவணரசு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, நுழைவிசைவு இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. அஃது ஆறுதலே, எனினும் குடியுரிமை அன்று. சத்திரத்தில் தங்குபவர் மறுநாள் விடியலில் புறப்பட்டுவிடுவார். நாற்பதாண்டு தங்கி, இங்கேயே மணந்து, இங்கேயே மக்களைப் பெற்று, இங்கேயே மண்ணாகிப் போனவரைச் சத்திரத்து வழிப்போக்கர் என்பது பொருந்துமா என்பதை அறிஞர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வடபுல முஸ்லிம்கள் தரும் பாடம்

இத்துணை கூறிய நாம், நம்மவர் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். 1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் தம் ஊர்களை இழந்தனர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆம் நாள் இரண்டு மணி நேரமே கெடு தரப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரைத் தமிழின் பெயரால் போராடியோரே வெளியேற்றினர். மொழியுறவு அங்குக் காவாது போயிற்று.

வெளியேறியோருள் பெரும்பாலோர் புத்தளத்தை அடைந்தனர். அங்கிருந்த முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் வீடுகளையும் தென்னந்தோப்புகளையும் திறந்துவிட்டனர். தொடக்கத்தில் உணவும் உடையும் பகிர்ந்தளித்தனர். ஆண்டுகள் சென்றபின் குடிநீர், பள்ளியிடம், கூலிவேலை ஆகியவற்றில் போட்டி எழுந்தது. வந்தோர் 'அகதி' எனவே அழைக்கப்பட்டனர். ஒரே கலிமாவை மொழிந்து ஒரே வரிசையில் தொழுதவர்களுக்கிடையிலும் மனக்கசப்பு முளைத்தது. புத்தளத்து மக்களைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. எளியோராகிய அவர்கள் தம் ஆற்றலுக்கு மீறிய சுமையை ஏற்றனர். மார்க்க உறவு வாயிலைத் திறக்கும். நீரும் நிலமும் தொழிலும் வகுத்துத் தரும் அரசின் கை உடன் இல்லையேல் அவ்வாயிலைத் திறந்தே வைத்திருத்தல் அரிது என்பதே புத்தளம் தரும் பாடம்.

எனவே மொழியையோ சமயத்தையோ மட்டும் நம்பி அடைக்கலக் கடமையை வகுத்தல் இயலாது. சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில் ரோஹிங்யாக் குடும்பங்கள் சில தங்கவைக்கப்பட்டபோது நம்மவர் பலர் உதவினர், மகிழ்ச்சியே. அதே பரிவு ஈழத்து இந்துவிடமும், பாகிஸ்தானிலிருந்து வந்த சீக்கியரிடமும், திபெத்தியப் பௌத்தரிடமும் நமக்கு உண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையெனில், நாம் குறைகூறும் சட்டத்தின் அதே அளவுகோலை நாமும் கையில் வைத்திருப்பவராவோம்.

முடிவுரை

சாரத்தில் மாணவர் கேட்ட வினாவுக்கு இனி விடை கூறலாம். வீட்டில் இடம் குறைவு என்பது உண்மையே. ஆயின் இடம் மிகுந்தோர் மட்டுமே ஏற்க வேண்டுமெனில் உலகில் எவரும் எவரையும் ஏற்றிரார். அண்டை நாடு ஏற்க வேண்டும். தொலைநாடு தோள் கொடுக்க வேண்டும். ஏற்கும் நாடு கேட்டறிந்து, அடையாளம் பாராது, இடர் நோக்கி முடிவு செய்ய வேண்டும். நெடுங்காலம் தங்கியோர்க்கும் இம்மண்ணிற் பிறந்தோர்க்கும் சட்டம் நிலையான இருப்பைத் தர வேண்டும். நம் நாட்டுக்குத் தனியான அகதிச் சட்டமொன்று தேவை என்பதும் இதனாற் பெறப்படும்.

சட்டம் இயற்றுதல் நம் கையில் இல்லை என்று அமைதியடைய வேண்டா. அன்று இந்நகரில் ஐவர் கையொப்பமிட்டனர். அவர்கள் அமைச்சருமல்லர், படைத்தலைவருமல்லர், தெருவில் நம்மைப்போல் வாழ்ந்தவர்கள். இன்று வாடகைக்கு வீடு கேட்டு வருபவர், தம் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டு வருபவர், நம் கடையில் வேலை கேட்டு வருபவர் ஆகியோருள் முகாமிலிருந்து வந்தவரும் இருக்கக்கூடும். அவர் நீட்டும் தாளில் நற்சான்றாகக் கையொப்பமிட ஐவர் வேண்டும். அவ்வைவருள் ஒருவராக நிற்க நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.